வெள்ளிக்கிழமை பத்தே முக்கால்

ஒரு வேலையில் எது என் பொறுப்பு, எது மற்றவர் பொறுப்பு என்று தெரியாமல் அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை, குழப்பம் தீர்ந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். தீருகிற மாதிரி தெரியவில்லை. அதனால் குழப்பத்தோடேயே எழுதுகிறேன்.

சிதம்பரம் தெற்கு வீதியில் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். வீடு திருப்பாதிரிப்புலியூரில். காலை வண்டியில் போய் இறங்கி, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு லேபுக்குள் நுழைந்தால் சாயந்திர வண்டிக்குத்தான் வெளியே வருவேன். படிப்பு பத்தாவது. முதலில் வருகிறவர்களின் பெயர், வயதை நோட்டில் எழுதும் வேலை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, தட்டக் கற்றுக்கொண்டேன். அப்புறம் உள்ளே ஒரு சின்ன அறையில் சர்வர் என்று ஒரு பெரிய மெஷினை வைத்தார்கள். அந்த அறையைத் தினமும் கூட்டுகிறவளும், வெள்ளிக்கிழமை அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைக்கிறவளும் நானாக இருந்தேன். அதனால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் மெதுவாக என்னிடமே வந்து சேர்ந்தது. ஏ.சி. ஓடுகிறதா, கரண்ட் போனால் பேட்டரி தாங்குகிறதா, தினசரி நகல் எடுத்தாயிற்றா, நின்றுபோனால் எந்த வரிசையில் திரும்பத் தொடங்குவது எல்லாம் நான்தான்.

அந்த மெஷினில் ஓடுகிற சாஃப்ட்வேரை எழுதுகிறவர்கள் கடலூர்க்காரர்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பாத்திரக்கடை மாடியில் ஆபீஸ். அதை நடத்துகிறவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். ஆரம்பத்தில் அவருடைய ஆட்கள் அங்கே உட்கார்ந்தபடியே எங்கள் மெஷினுக்குள் நினைத்த நேரத்தில் புகுந்து எதையாவது மாற்றுவார்கள். ஒரு நாள் காலைக் கூட்டத்தின் நடுவே அப்படி எதையோ மாற்ற, வந்த அத்தனை பேருக்கும் சர்க்கரை அளவு பூஜ்யம் என்று தாளில் அடித்துத் தள்ளியது. லேபின் முதலாளியான டாக்டர் அன்றைக்கே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் ‘எழுதுபவர்கள்’, வலது பக்கம் ‘நடத்துபவர்கள்’. எழுதுகிறவர்கள் ஓடுகிற மெஷினைத் தொடக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. நடத்துகிறவர்கள் எழுத்தில் கை வைக்கக் கூடாது. ஏதாவது மாற்றம் என்றால் அவர்கள் படிப்படியாகத் தாளில் எழுதி அனுப்ப வேண்டும், இங்கே நான் அதன்படி செய்ய வேண்டும். வலது பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். அதற்கு ஆபரேஷன்ஸ் என்று பெயராம். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், “நீ வெங்காயம் வெட்டுனாலே வெரல அறுத்துக்குவ, உன்ன நம்பி ஆபரேஷனா?” என்றார்.

கோடு போட்டது நல்லதுதான் என்று நினைத்தேன். ஆனால் கோட்டின் மேலேயே வந்து விழுகிற விஷயங்கள் இருந்தன. ஒரு தடவை ரிப்போர்ட்டில் வயது போய்ப் பெயரின் மேல் ஏறி நின்றது. கேட்டால், “பிரிண்டர் உங்க பக்கம்க்கா” என்றார்கள். “பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு, எழுத்துதான் நகந்திருக்கு” என்றேன். நான்கு நாள் இப்படியே போனது. கடைசியில் நான் பிரிண்டரில் காகிதத்தை ஒரு நூல் அளவு தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது. அப்போது அது யார் தப்பு? இன்று வரை தெரியாது.

கோயிலில் பூக்கட்டுகிறவர் கர்ப்பக்கிரகத்துக்குள் போவதில்லை, உள்ளே இருக்கிறவர் பூக்கட்ட உட்காருவதில்லை, அந்த மாதிரிதான் இதுவும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதைத் தம்பி ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் போனில் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப சாமி மேல போட்டப்புறம் பூ வாடிப்போனா யாரு பொறுப்புக்கா?” என்றாள்.

அந்தப் பெண் திட்டக்குடிப் பக்கம். கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள். மகளிர் விடுதியில் தங்கியிருந்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் பண்ணுவோம் என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்கள். எனக்கு வரும் தாள்களை அவள்தான் எழுதுவாள். மற்றவர்கள் எழுதினால் எனக்குப் பாதி புரியாது. அவள் எழுதினால், ‘இப்போது பச்சை நிறத்தில் ஒரு கட்டம் வரும், பயப்பட வேண்டாம்’ என்றுகூடப் போட்டிருப்பாள்.

அந்த வாரம் ஒரு பெரிய மாற்றம். ஒன்பது படிகள். வியாழக்கிழமை சாயந்திரம் தாள் வந்தது. முதல் வரியிலேயே, ‘வெள்ளி காலை 10.45: மெஷினை நிறுத்தவும்’ என்று இருந்தது. படித்ததுமே சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அந்த நேரத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடலாம். புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. எங்கள் வீட்டில் புது கேஸ் சிலிண்டரைக்கூட அந்த நேரத்தில் மாட்ட மாட்டோம். பழையது தீர்ந்துபோனால் பன்னிரண்டு அடிக்கும் வரை உலை வைக்காமல் உட்கார்ந்திருப்போம். பயம் என்று சொல்வதா, பழக்கம் என்று சொல்வதா தெரியவில்லை. செய்தால் அன்றைக்கு முழுக்க மனசு நிலைகொள்ளாது, அவ்வளவுதான். ஒரு மெஷினை நிறுத்தி, அதில் புதியதை ஏற்றி, மறுபடி தொடங்குவது என்பதற்கு மேல் புது ஆரம்பம் வேறு என்ன இருக்கிறது?

ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. காரணம் இரண்டு. டாக்டர் போட்ட தாளில், ‘மெஷினை நிறுத்துவது, தொடங்குவது’ என் பக்கத்தில்தான் இருந்தது. நிறுத்துவது என் பொறுப்பு என்றால் எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதும் என்னுடையதுதானே என்று எடுத்துக்கொண்டேன். அது ஒரு காரணம். இன்னொன்று வெட்கம். கம்ப்யூட்டர் படித்தவர்களிடம் போய் ராகு காலம் என்று எப்படிச் சொல்வது? அந்த மாடி அறையில் எல்லோரும் சிரிப்பது இங்கேயே கேட்கிற மாதிரி இருந்தது. ஒன்றேகால் மணி நேரம்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாலுக்கு, “முருகா” என்று சொல்லி முதல் படியைத் தொடங்கினேன். ஒன்பது படியும் வழுக்கிக்கொண்டு போனது. பச்சைக் கட்டம் வந்தது. நான் பயப்படவில்லை. பார்த்தாயா, நல்ல நேரத்தில் செய்தால் எப்படி நடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

எங்களுக்குக் கடலூர் முதுநகரில் ஒரு கிளை உண்டு. அங்கே ரத்தம் எடுத்து, பெயரைப் பதிந்து, டியூபில் லேபிள் ஒட்டிச் சிதம்பரத்துக்கு அனுப்புவார்கள். பதினொன்றேகாலிலிருந்து லேபிள் எல்லாம் வெறுமையாக வருகிறது, பெயரே இல்லை என்று அங்கிருந்து சொன்னார்கள். எந்த டியூபில் யார் ரத்தம் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு அப்போது தெரியாதது இதுதான். அந்த மாற்றத்துக்கு இரண்டு பாதி. ஒரு பாதி என் மெஷினில். இன்னொரு பாதி, கிளைகளில் பெயர் பதிகிற இடத்தில். அதை அந்தப் பெண் கடலூரில் உட்கார்ந்து பதினொன்றேகாலுக்குச் செய்தாள். அதற்குள் நான் முடித்திருப்பேன் என்பது அவள் கணக்கு. புதிய பதிவு, இன்னும் மாற்றாத என் மெஷினில் வந்து முட்டி, பெயர்கள் எங்கேயும் போய்ச் சேராமல் நின்றுவிட்டன.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

“அக்கா, நீங்க எப்பக்கா போட்டீங்க?”

“பேப்பர்ல உள்ள மாதிரியேதாம்மா போட்டேன்.”

சொல்லிவிட்டேன். ஒன்பது படியும் பேப்பரில் உள்ளபடிதான் போட்டேன், அதனால் இது பொய் இல்லை என்று மனசுக்குள் ஒரு பக்கம் வாதாடியது. அவள் கேட்டது படியை இல்லை, மணியை. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

“சரிக்கா” என்று வைத்துவிட்டாள்.

கோடு போட்ட பிறகு எங்கள் மெஷினுக்குள் எட்டிப் பார்க்க அவர்களுக்கு வழி கிடையாது. எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதெல்லாம் மெஷினில் பதிவாகியிருக்கும். ஆனால் அதைத் திறந்து பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். டாக்டர் போனில் தம்பியைக் காய்ச்சினார். தம்பி அவளைக் காய்ச்சியிருப்பார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை, ரத்தம் வீணாய்ப்போன பதினேழு பேரையும் மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். லேபிள் சரியாக வருகிறதா என்று பார்க்கவும், வருகிறவர்களைச் சமாதானப்படுத்தவும் டாக்டர் என்னை முதுநகர் கிளைக்குப் போகச் சொன்னார். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வாட்ச்மேனாக இருப்பவர், வெறும் வயிற்றோடு இரண்டாவது நாளாக வந்து உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டதும், “எடுத்துக்கங்கம்மா, நமக்கு ரத்தம் ஜாஸ்திதான். என் சம்சாரம் தெனம் குடிக்குது, இன்னும் தீரல” என்று கையை நீட்டினார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வாய் கோணிக்கொண்டது.

அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். தன் பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தம்பி அனுப்பியிருந்தார். கண் ரெண்டும் வீங்கியிருந்தது. கூட்டம் குறைந்ததும் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“திங்கக்கெழம டாக்டர்கிட்ட பேசிட்டு முடிவு சொல்றேன்னுட்டாருக்கா எங்க சாரு.”

“என்ன முடிவும்மா?”

“வச்சிக்கறதா, அனுப்பறதான்னு. ஆறு மாசம் முடிய இன்னும் பத்து நாளுதான் இருக்கு. அனுப்பிட்டா ஊருக்குத்தான் போவணும். எங்கப்பா ஏற்கனவே மாப்ள பாத்து வச்சிட்டுத்தான் என்ன இங்க அனுப்புனாரு. வேல நெலைச்சா பாக்கலாம், இல்லன்னா கல்யாணம்ன்னு.”

நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“வெள்ளிக்கெழமய ஏம்மா வச்ச?” என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டும் என்று கேட்டது.

“எங்க ஆபீஸாளுங்க, மறுநாளு லீவு, ஏதாச்சும் ஆனா பாக்க ஆளிருக்காது, வெள்ளிக்கெழம பெரிய வேல வேண்டாம்ன்னுதான் சொன்னாங்க. நான்தான் வச்சேன். நீங்க எப்பவும் வெள்ளிக்கெழம நல்ல நாளு, மெஷினுக்குப் பொட்டு வைப்பேன்னு சொல்லுவீங்கல்ல. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்ன்னு வச்சேன்க்கா.”

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. லேபிள் பார்க்கிற மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மீன் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஏண்டி, ராகு காலத்துல நேரம் குறிச்சது அவுங்க. தப்பு அவுங்களுதுதானே.”

“அந்தப் பொண்ணுக்கு ராகு காலம்ன்னா இன்னான்னே தெரியாதுங்க.”

“தெரியலன்னா கேக்கணும்.”

“நான் சொல்லணும்ல்ல?”

“சரி, இப்ப போயி சொன்னா உன் வேல போச்சுன்னா? டாக்டர் உன்னக் கேட்டாரா? கேக்கல. சாமி கேட்டா சொல்லு, போதும்.”

அன்றைக்குக் கோயிலுக்குப் போனபோது சாமி ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொல்லலாம் என்று கண்ணை மூடினால், எந்தத் தப்பைச் சொல்வது என்றே தெரியவில்லை. நல்ல நேரம் பார்த்தது தப்பா? இத்தனை வருஷமாகப் பார்க்கிறேனே. சொல்லாமல் பார்த்தது தப்பா? சொல்ல வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லையே. கடைசியில் அந்த ஒரு வார்த்தையில் வந்து நின்றேன். பேப்பரில் உள்ள மாதிரியே என்றேனே, அது.

திங்கட்கிழமை தம்பி சிதம்பரத்துக்கு வந்தார். டாக்டரும் அவரும் பேசிக்கொண்டிருந்த அறைக்குள் நான் கதவைத் தட்டிக்கொண்டு போனேன். மெஷினிலிருந்து எடுத்த பதிவை மேசைமேல் வைத்தேன்.

“சார், நான் பன்னெண்டு நாலுக்குத்தான் தொடங்குனேன். அதுக்கு முன்னாடி ராகு காலம். அந்தப் பொண்ணு கேட்டப்ப மறச்சுட்டேன்.”

டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். எங்கள் லேபே அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கிற காலண்டர். தேதிக்குக் கீழே ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்டிருக்கும். தம்பி ஆபீஸ் சுவரிலும் அதுதான் தொங்குகிறது.

“அக்கா, மெஷினுக்கு ஏதுக்கா ராகு காலம்?” என்றார் தம்பி.

“மெஷினுக்கு இல்ல தம்பி. தொடங்குற ஆளுக்கு.”

திட்டுவார்கள் என்று நின்றேன். டாக்டர், “நேரம் யாரு பக்கம்யா? அந்தத் தாள எடு” என்றார். கோடு போட்ட தாள் வந்தது. இரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார்கள். நிறுத்துவது என் பக்கம். படிகளை எழுதுவது அவர்கள் பக்கம். எந்த மணிக்கு என்பது எங்கேயும் இல்லை.

“எப்பன்னு நாங்கதான் சார் சொல்லணும். ரெண்டு பாதியும் சேந்து போவணும்ல.”

“கூட்டம் எப்ப கொறையும்ன்னு உனக்குத் தெரியுமா? அது இங்க இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.”

“அப்ப நேரத்த அக்காவே எழுதட்டும் சார். நாங்க எதுக்கு?”

“நீ எதுக்குன்னா கேக்கற? அப்ப நான் ஏன்யா உன்ன வரச் சொன்னேன்?”

டீ வந்தது, ஆறியும் போனது. நான் ஒருத்தி நிற்பதையே மறந்து அவர்கள் நேரத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“சார், அந்தப் பொண்ணு?” என்றேன்.

தம்பி திரும்பினார். “அவளும் கேட்டிருக்கணும்க்கா. தன் பாதியத் தொடங்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு போன். ஆச்சான்னு ஒரு வார்த்த. அத அவ செய்யல.”

“முன்னாடி கேக்கணும்ன்னு எந்தப் பக்கத்துல தம்பி எழுதியிருக்கு?”

மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். தம்பி தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தார். டாக்டர் சிரித்துவிட்டார். பேனாவை எடுத்து, நடுக்கோட்டின் மேலேயே குறுக்காக, ‘ஒருவர் ஆயிற்று என்று சொன்ன பிறகே மற்றவர் தொடங்க வேண்டும்’ என்று எழுதினார். எழுதிவிட்டு என்னிடம், “நல்ல நேரம் பாக்கறதுன்னா பாருங்க. சொல்லிட்டுப் பாருங்க” என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். நேரம் யாருடையது என்பதை அந்தத் தாளில் கடைசி வரை யாரும் எழுதவில்லை.

அடுத்த நாள் காலை திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் வண்டிக்கு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் வேகமாக நடந்து வந்தாள். விடுதியிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தலைகூடக் காயவில்லை.

“அனுப்பலக்கா. இன்னும் மூணு மாசம் பாக்கறேன்னு சொல்லிட்டாரு.”

“நிரந்தரம் பண்ணலயா?”

“இல்லக்கா. முன்னாடி கேக்காதது என் தப்புதானாம்.”

“ஊருல என்ன சொன்னாங்க?”

“மூணு மாசம்ன்னு சொல்லல. வேல இருக்குன்னு மட்டும் சொன்னேன்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“நீங்க லேட்டா போட்டது பெருசு இல்லக்கா. நீங்க சொன்னத நான் நம்பிட்டேன். அப்ப தப்பு என் எழுத்துலதான் இருக்கணும்ன்னு வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் உக்காந்து தேடுனேன். ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குக்கூடப் போகல. ஒண்ணுமே கெடைக்கல. கண்ணுக்கு முன்னாடி இருக்கற தப்பே தெரியலன்னா எனக்கு இந்த வேல வராதுன்னு முடிவே பண்ணிட்டேன். நேத்து மத்தியானம் அவரு கூப்ட்டு விஷயத்த சொல்றப்ப பொட்டியக் கட்டிட்டிருந்தேன்.”

அவள் வேலை போய்விடுமே என்று மட்டும்தான் அந்த மூன்று நாளும் நான் பயந்தேன். இல்லாத ஒரு தப்பைத் தேடி அவள் உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. வண்டி வந்து நின்றது. “ஏறுங்கக்கா, போயிடப் போவுது” என்று என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டேஷன் மேம்பாலப் படியேறிப் போய்க்கொண்டிருந்தாள். ஆபீஸ் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

முதுநகர் தாண்டி, சிப்காட் நெடி ஜன்னல் வழியாக அடித்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் கை கூப்பியபடி உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று மாதமும் அவளுக்கு நல்லபடியாகப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் ஞாயிற்றுக்கிழமை போகாமல் விட்ட சாமியிடமும் சேர்த்துத்தான் வேண்டினேன். அப்படி வேண்டலாமா, கூடாதா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.